இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு கள்ளன்

பூவரசங்குளம்
04.07.2025

திரு. வீ. ஜனார்த்தனன் அவர்களுக்கு,

நான் சுமித்திரா. பழனியாண்டியின் மகள். ஐந்தாம் வகுப்பு வரை உங்களுக்குப் பக்கத்து வாங்கில் இருந்து படித்தவள். முல்லைத்தீவு அரசாங்கக் கச்சேரியில் பெரிய கதிரையில் இருக்கிறவருக்கு இதெல்லாம் மறந்திருக்கும் என்பதால் முழு விபரமும் எழுதுகிறேன்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் ஏசினால் நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் அப்படி முடியாது. கிழிப்பதாக இருந்தாலும் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள்.

பிள்ளையார் கோயிலடியில் உங்கள் தகப்பனார் பெயரில் வாசிகசாலை கட்டுகிறீர்கள். ஆவணிச் சதுர்த்தியன்று திறப்புவிழா. அதற்கென்று ஊர் நினைவுகளை எழுதிப் புத்தகமும் அடித்து, முப்பது பிரதிகளை விழாவுக்கு முன்னமே பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். போன திங்கட்கிழமை அதில் இருபத்தேழாம் பக்கத்தைப் பத்தாம் வகுப்பில் ஆசிரியை உரத்து வாசித்திருக்கிறார். அந்த வகுப்பில்தான் என் மகள் நிசாந்தினி படிக்கிறாள்.

நீங்கள் எழுதியதை உங்களுக்கே எழுதிக் காட்டுகிறேன். "1996 ஐப்பசியில் எமது வயலில் வீழ்ந்த விமானத்திலிருந்து பழனியாண்டி என்ற கூலித்தொழிலாளி பொருள் திருடியதால் இராணுவம் எமது கிராமத்தைச் சுற்றிவளைத்தது. என் தந்தையார் வீரகத்தி துணிந்து எழுந்து பேசியிருக்காவிட்டால் அன்று ஊரே அழிந்திருக்கும்."

பின் வாங்கிலிருந்து ஒருத்தன் "பிளேன் கள்ளன்ர பேத்தி" என்றானாம். வகுப்பே சிரித்ததாம். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. சீருடையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். வேலை முடிந்து வந்த என் மனுசன் சதீஸ் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அவள் எழும்பி நேரே தாத்தாவிடம் போனாள். "தாத்தா, நீங்கள் என்ன எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். அப்பா எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்.

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். அப்பாவைப் பதினான்கு மாதம் வைத்திருந்து அனுப்பினார்கள். இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. அவர் என்ன திருடினார்? எதைத் திருடினார்? எழுதத் தெரிந்தவர் நீங்கள், அதையும் எழுதியிருக்கலாமே.

திறப்புவிழாவுக்கு முன் அந்தப் பக்கத்தை எடுக்கவேண்டும். எடுத்துவிட்டு, நடந்தது எதுவோ அதை எழுதவேண்டும்.

இப்படிக்கு,
ச. சுமித்திரா
முன்பள்ளி ஆசிரியை


முல்லைத்தீவு
11.07.2025

அன்புள்ள சுமித்திரா,

உன் கடிதம் கிடைத்தது. 'திரு', 'அவர்களுக்கு' என்றெல்லாம் எழுதி என்னைத் தள்ளி வைத்துவிட்டாய். நான் உன்னை நீ என்றே எழுதுகிறேன். கோபிக்காதே.

மகளுக்கு நடந்ததைக் கேட்டு வருந்தினேன். அதிபரோடு பேசுகிறேன். ஆனால் நீ ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அது வரலாற்று நூல் அல்ல. பத்து வயதுப் பையன் கண்ட காட்சிகளை நாற்பது வயதில் ஞாபகப்படுத்தி எழுதியது. உன் சமூகத்தைப் பற்றி ஒரு சொல் குறைவாக எழுதவில்லை. உங்கள் ஆட்கள் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்து இந்தக் காட்டை வெட்டிக் கழனியாக்கிய கதையைப் பன்னிரண்டாம் பக்கத்தில் பெருமையாகவே எழுதியிருக்கிறேன். அதை ஒருவரும் வாசிக்கவில்லைப் போலிருக்கிறது.

அந்த நாள் உனக்கும் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டுக் குளக்கட்டால் வந்துகொண்டிருந்தோம். அப்போதெல்லாம் சத்தத்தை வைத்தே பொம்மரா, குண்டு தள்ளும் சகடையா, ஹெலியா என்று நாங்கள் சொல்லிவிடுவோம். அன்று வந்ததை மட்டும் சொல்ல முடியவில்லை. வவுனியா ஓடுபாதையில் இறங்க வந்த ஆமியின் சாமான் பிளேன் அது என்று பிறகுதான் தெரிந்தது. இருமிக்கொண்டு, மரங்களுக்கு மேலே மிகவும் பதிந்து வந்தது. ஊர் முழுக்கப் பங்கருக்குள் இறங்கிவிட்டது. நீயும் நானும் குந்தியிருந்த பங்கருக்குள் மேலிருந்து மண் கொட்டியது. குண்டு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஏறிப் பார்த்தால் எங்கள் வயலுக்குள் பிளேனின் ஒரு செட்டை குத்திட்டு நிற்கிறது. வயல் முழுக்க பிஸ்கற் பெட்டி. நீ பாவாடை நிறைய அள்ளினாய். அதை நான் எழுதவில்லை, கவனித்தாயா?

உன் தகப்பன் எடுத்தார் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். ஊர் சொன்னதையே நானும் எழுதினேன். உனக்கு மனக்கஷ்டம் என்றால் அடுத்த பதிப்பில் 'திருடியதால்' என்பதைத் 'திருடியதாகக் கூறப்பட்டதால்' என்று மாற்றலாம். இதைவிட நான் என்ன செய்ய?

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறா. முழங்கால் வருத்தம். உன்னைச் சுகம் விசாரித்தா.

அன்புடன்,
ஜனா


பூவரசங்குளம்
16.07.2025

ஜனார்த்தனன்,

நீ என்று எழுதினாய். நல்லது. நானும் இனி நீ என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுத்து ஏசுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

நான் பிஸ்கற் அள்ளியதை எழுதாமல் விட்டது பெரிய உபகாரம். அதையும் எழுது. அள்ளினேன். எங்கள் வீட்டில் அன்று காலையில் ஒன்றும் சமைக்கவில்லை. ஒரு நடை கொண்டுபோய்க் கொட்டிவிட்டு ஓடிவந்து இரண்டாம் நடையும் அள்ளினேன். ஊரில் அள்ளாத வீடு ஒன்றைக் காட்டு பார்க்கலாம். உன் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு எங்கே இருந்து கூரை வந்தது? அந்தத் தகரத்தில் நீல எழுத்து இருந்ததே, உனக்கு மறந்துபோயிற்றா? எல்லோரும் எடுத்தார்கள். கள்ளன் மட்டும் ஒருத்தர்.

'கூறப்பட்டதால்.' யார் கூறியது? ஊர் என்ற பெயரில் ஒரு ஆள் எங்கள் ஊரில் இல்லை. உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன், எனக்கு ஒரு நாளும் மறக்கவில்லை.

எல்லோரும் பங்கருக்குள் குந்தியிருக்க என் அப்பா மட்டும் வெளியே ஓடினார். யாரோ முனகுகிற சத்தம் கேட்டதாம். ஒருத்தனை இழுத்து எடுத்து வரம்பில் கிடத்தி, தன் தலைத்துண்டை வாய்க்கால் தண்ணீரில் நனைத்து வாயில் பிழிந்தார். அவன் செத்துப்போனான். அப்பா சாரத்தை அவிழ்த்து அவனைப் போர்த்துவிட்டு, கோவணத்தோடு வரம்பில் இருந்தார். ஆமி வந்து இறங்கியபோது அப்படித்தான் இருந்தார். அப்போது அவரை அவர்கள் அடிக்கவில்லை. ஒருத்தன் பீடி கூடக் கொடுத்தான்.

நாலாம் நாள்தான் சுற்றிவளைத்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரையும் வெயிலில் இருத்தினார்கள். பிளேனுக்குள் இருந்த ஒரு பெட்டியைக் காணவில்லையாம், செம்மஞ்சள் நிறமாம், ஒரு ஆள் தூக்கக்கூடிய பாரமாம். எடுத்தவன் தந்தால் சரி, இல்லையென்றால் ஆம்பிளைகள் எல்லோரும் லொறியில் ஏறவேண்டும் என்று தமிழ் தெரிந்த ஒருத்தன் சொன்னான். அரைநாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மத்தியானம் தாண்டியபிறகு கமக்காரர் அமைப்பின் தலைவர், உன் தகப்பன், வேட்டியைத் தட்டிக்கொண்டு எழும்பினார். உன் புத்தகத்தில் துணிந்து எழுந்தார் என்று எழுதியிருப்பது இதைத்தான். எழும்பி என்ன சொன்னார்? நான் அம்மாவின் மடியில் இருந்து கேட்டேன். "உந்தத் தோட்டக்காட்டான்தான் முதல் ஓடினவன். அவனைக் கேளுங்கோ" என்றார், மலையிலிருந்து வந்த எங்களை ஏசுகிற அந்தச் சொல்லால்.

என் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "நான் எடுக்கலீங்க ஐயா" என்று உன் தகப்பனைப் பார்த்துத்தான் சொன்னார், ஆமியைப் பார்த்து இல்லை.

ஊரைக் காப்பாற்றினார், ஓம். என் அப்பாவைக் கொடுத்துக் காப்பாற்றினார். அதை எழுத உனக்கு ஒரு வரி கிடைக்கவில்லையா?

அப்படி ஒரு பெட்டியே இருந்திருக்காது என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். ஆனால் நான் பிஸ்கற்றோடு வீட்டுக்கு ஓடிய நேரத்தில் நீ வயலில் உன் தகப்பனோடு நின்றாய். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பெட்டியை நீ கண்டாயா?

சுமித்திரா


முல்லைத்தீவு
28.07.2025

சுமித்திரா,

உன் கடிதத்தை இரண்டு கிழமை மேசைக்குள் வைத்திருந்தேன். பதில் எழுதத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ எல்லை மீறிவிட்டாய்.

என் அப்பா செத்துப் பதினொரு வருசம். செத்தவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க நீ யார்? அன்று அந்த மைதானத்தில் நூற்றுப்பத்து ஆம்பிளைகள் இருந்தார்கள். லொறி வந்து நின்றது. ஏறியவர்கள் திரும்பி வந்த காலமா அது? அவர் எழும்பாமல் இருந்திருந்தால் இன்றைக்கு உன் ஊரில் பாதி வீடு இருக்காது. நீ கோபப்படுவதற்குக்கூட ஆள் மிஞ்சியிருக்காது.

உன் குடும்பத்தை அவர் கைவிட்டாரா? உன் தகப்பன் இல்லாத பதினான்கு மாதமும் உங்கள் வீட்டுக்கு மாதம் தவறாமல் ஒரு மூட்டை அரிசி வந்ததே, அது யார் வீட்டு அரிசி? அம்மா வேண்டாம் என்று சண்டை பிடித்தா. அப்பா கேட்கவில்லை. தன் தோளில் சுமந்து கொண்டுவந்து உங்கள் படலையில் வைத்தார். நன்றி சொல்ல வேண்டாம். சேறு பூசாமலாவது இரு.

திறப்புவிழா குறித்த திகதியில் நடக்கும். புத்தகம் அடித்தாயிற்று. நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இந்த வயதில் சிறுபிள்ளை விளையாட்டுக்கு எனக்கு நேரமும் இல்லை.

உன் கடிதத்தை அம்மா என் மேசையில் இருந்து எடுத்து வாசித்துவிட்டா. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அதுவும் உன் உபயம்.

ஜனார்த்தனன்


பூவரசங்குளம்
01.08.2025

ஜனார்த்தனன்,

காணவில்லை என்று நீ எழுதவில்லை. பதில் சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஒன்றும் தெரியாதவன் 'காணவில்லை' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், உனக்கு அது எழுத்திலேயே குறுகுறுக்கிறது.

அரிசி பற்றி நீயே எழுதியது நல்லதாகப் போயிற்று. என் அம்மா வடிவம்மா சாகும்வரை உன் தகப்பனைக் கும்பிட்டாள். பொங்கலுக்கு முதல் படையல் கொண்டுபோய் உங்கள் வீட்டுக் குசினி வாசலில் வைத்துவிட்டுத்தான் எங்களுக்குத் தருவாள். "பழனியைக் கள்ளனென்று ஊரே சொன்னாலும் ஐயா மட்டும் எங்களைக் கைவிடேல்லை" என்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது உன் கடிதத்தைப் படித்துப் பார்த்தபிறகு யோசிக்கிறேன். ஊரையே மாட்டிவிட்ட கள்ளன் வீட்டுக்கு ஊர்த் தலைவர் ஏன் மாதாமாதம் தோளில் அரிசி சுமக்கவேண்டும்? பாவம் பார்த்தவர் ஆள் வைத்து அனுப்பியிருப்பார். தானே சுமந்தது வேறு எதற்கோ.

இன்னும் ஒன்று. உன் விழாக்குழுத் தலைவர் பிரதாபன் போன கிழமை எங்கள் படலைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்துக் கதிரை எடுத்துப் போட்டேன். பந்தலுக்குக் குழி தோண்டவும் தோரணம் கட்டவும் அப்பாவைக் கூப்பிட வந்தவர் அவர். எழுபத்தாறு வயது. விரல் மடங்காத கை. அப்பாவைப்போலத் தோரணம் பின்ன ஆளில்லையாம். நான் வாசலை மறித்து நின்றேன். அப்பா என்னை விலக்கிவிட்டு அலவாங்கை எடுத்துக்கொண்டு போனார். "வேலைன்னு கூப்பிட்டா போகணும்மா" என்றார். உன் தகப்பன் பெயர் போட்ட கட்டிடத்துக்கு முன்னால், உன் புத்தகத்தில் கள்ளன் என்று இருக்கிற மனுசன் குழி தோண்டிக்கொண்டு நிற்கிறார்.

நிசாந்தினி இன்னும் போகவில்லை. ஒரு மாதம் ஆகிறது. வருகிற வருசம் சாதாரணதரச் சோதனை. தையல் பழகப் போகிறேன் என்கிறாள். வகுப்பில் முதலாம் பிள்ளை அவள்.

உனக்கு வாய் வராவிட்டால் உன் அம்மாவைக் கேள். சாப்பிடாமல் இருக்கிறா என்றாயே. எதை விழுங்க முடியாமல் இருக்கிறா என்று கேள்.

சுமித்திரா


முல்லைத்தீவு
14.08.2025

சுமித்திரா,

அம்மாவைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவவே சொன்னா. "நீ எழுதாட்டி நான் பஸ் ஏறிப் போய் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுவன்" என்றா. இந்த முழங்காலோடு.

எழுதுகிறேன். கண்டேன். அந்தப் பெட்டியை நானும் அப்பாவுமாகத்தான் எடுத்தோம்.

திருடுவதற்கென்று எடுக்கவில்லை. அதை நம்பு. அன்று எங்களுக்கு விதைநெல் ஊறப்போடுகிற நாள். எட்டு மூட்டையும் வாய்க்காலுக்குள் இறக்கியாயிற்று. காய்ந்த நெல் மிதக்கும், மேலே பாரம் வைக்காவிட்டால் மூட்டை அமிழாது என்று உனக்குத் தெரியும். ஏழு மூட்டைக்குக் கல் இருந்தது. எட்டாவதுக்குக் கல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பிளேன் விழுந்தது. ஆமி வர முதல், வாய்க்கால் கரையில் அந்தச் செம்மஞ்சள் பெட்டி சேற்றுக்குள் கிடந்தது. அப்பா காலால் தட்டிப் பார்த்தார். நல்ல பாரம். "கல்லுக்குப் பதிலா வைப்பம்" என்றார். இரண்டு பேரும் உருட்டிக்கொண்டு போய் மூட்டைக்கு மேலே வைத்தோம். அவ்வளவுதான். பிளேன் விழுந்து ஆட்கள் செத்துக் கிடக்கிற வயலில் ஒரு கமக்காரனுக்கு நெல் ஊறவில்லையே என்ற கவலை. இப்போது நினைத்தால் பைத்தியம்போல இருக்கிறது. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

அதுதான் பிளேனின் 'கறுப்புப் பெட்டி' என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. நாலாம் நாள் மைதானத்தில் செம்மஞ்சள் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் அவர் மடிக்குள் இருந்தேன், எனக்குத்தான் தெரியும். அவர்கள் சொன்ன நிறமும் பாரமும் அந்தப் பெட்டியுடையதுதான், அதை எங்கள் வாய்க்காலில் கண்டெடுத்தால் ஒரு கதையையும் அவர்கள் கேட்கப் போவதில்லை. விதைநெல்லுக்குப் பாரம் வைத்தோம் என்றால் எந்த ஆமிக்காரன் நம்புவான்? அரைநாள் அவர் அப்படியே இருந்தார். பிறகுதான் எழும்பினார். அன்று இரவு அந்தப் பெட்டியை மதகுக் குழாய்க்குள் தள்ளி மண் போட்டு மூடிவிட்டார். இப்போதும் அங்கேதான் கிடக்கும்.

இதோடு முடித்துவிடலாம் என்று இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். அப்பா சொன்னது மட்டும் போதவில்லை, சுமித்திரா. அந்த அதிகாரி உடனே நம்பவில்லை. சாட்சி கேட்டான். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தான். பழனியாண்டி பெட்டி தூக்கியதை நீ கண்டாயா என்று தமிழ் தெரிந்தவன் என்னைக் கேட்டான். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தலையாட்டினேன்.

உன் அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருபத்தொன்பது வருசம் நான் இந்தக் கதையை ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கம்பஸில் சொன்னேன், கந்தோரில் சொன்னேன். சொல்லச் சொல்லத் தலையாட்டியது கதையிலிருந்து போய்விட்டது. எழுதும்போதும் வரவில்லை. வேண்டுமென்று விட்டேனா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை.

அந்தப் பக்கத்தை எல்லாப் பிரதியிலும் வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பிரதிகளையும் திருப்பி எடுத்தாயிற்று. ஆனால் உண்மையைச் சொல்வதற்குக் கொஞ்சம் பொறு. அம்மாவுக்கு எண்பத்திரண்டு. ஊருக்கு முன்னால் தன் புருசனுக்குக் 'காட்டிக்கொடுத்தவன்' என்ற பெயர் வருவதைக் கேட்டுவிட்டுச் சாகவேண்டுமா? அவ இருக்கும்வரை மட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜனா


பூவரசங்குளம்
18.08.2025

ஜனார்த்தனன்,

உன் அம்மா சாகும்வரை நான் பொறுக்கவேண்டும். என் அப்பா சாகும்வரை நீ பொறுத்திருந்தாய். அவர் சாகவில்லை, அதுதான் உனக்கு இடைஞ்சல். அம்மாவே எழுதச் சொன்னா என்று மேலே எழுதிவிட்டுக் கீழே அம்மாவுக்காகப் பொறு என்கிறாய். இரண்டில் ஒன்றைச் சொல்லு.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போதாவது இந்த மனுசன் வாய்விட்டு அழுவார், ஏசுவார், எதையாவது தூக்கி எறிவார் என்று பார்த்தேன். அவர் தோரணத்துக்குக் குருத்தோலை வார்ந்துகொண்டிருந்தார். வார்ந்தபடியே சொன்னார். "தெரியும்மா. மறுநாளு மூட்டையக் கரையேத்துனது நான்தானே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. ஊறிய நெல்லை வாய்க்காலில் இருந்து எடுத்து வைக்கோலுக்குள் முளைக்கப் போடுவது உங்கள் வீட்டில் யார் வேலை? ஒவ்வொரு போகமும் அவர் வேலைதானே. இரண்டாம் நாள் அவர்தான் அந்தப் பெட்டியை மூட்டைக்கு மேலிருந்து தூக்கி ஓரமாக வைத்தார். வைத்துவிட்டு ஏதோ தகரம் என்று மறந்துபோனார். நாலாம் நாள் மைதானத்தில் அவர்கள் கேட்டபோது உன் தகப்பனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு என் அப்பாவுக்கும் தெரியும். வாய்க்காலைக் காட்டி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பதினான்கு மாதம். நகத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள், விரலை முறித்திருக்கிறார்கள், அவர் சொல்லவில்லை.

ஏன் என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கமலாட்சி அக்கா ஓடிவந்துவிட்டா. அப்பா ஓலையைக் கீழே வைத்தார். "அந்தப் பையனும் சேந்து உருட்டுன தடம் சேத்துல கெடந்துச்சு. சொன்னா அவனையும் ஏத்தியிருப்பாங்க. பத்து வயசும்மா. ஒனக்கும் அப்ப பத்து வயசு" என்றார்.

உன்னைக் காப்பாற்ற, ஜனார்த்தனன். நீ தலையாட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அதற்குப் பிறகும் உன்னைக் காப்பாற்ற.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் உன்மேல்கூட வரவில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளைக்காகத் தன் பிள்ளையைக் கள்ளன் மகளாக வளர்த்த மனுசனை நான் என்ன செய்ய? மூன்று நாளாக அவரோடு நான் கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறேன். அம்மாவுக்குக்கூட அவர் சொல்லவில்லை. அவள் தெரியாமலே செத்தாள், உங்கள் குசினி வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டு.

அவர் பெருந்தன்மை அவரோடு இருக்கட்டும். எனக்கு அது இல்லை. சதுர்த்தியன்று மேடையில் ஏறி நீ சொல்லவேண்டும். பக்கத்தை வெட்டுவது போதாது. வெட்டிய இடத்தில் என்ன இருந்தது என்று ஊர் கேட்கும், அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். நீ சொல்லாவிட்டால் நான் ஏறி உன் கடிதத்தை வாசிப்பேன். உன் கையெழுத்து ஊருக்கே தெரியும், ஊரில் இருந்த காலத்தில் கமக்காரர் கூட்ட அறிவித்தல் எல்லாம் நீதானே எழுதி ஒட்டுவாய்.

சுமித்திரா


முல்லைத்தீவு
22.08.2025

சுமித்திரா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கந்தோருக்கு லீவு போட்டேன். கடற்கரையில் போய் இருந்தேன். வேறு என்ன எழுத என்று தெரியவில்லை.

வருகிறேன். சொல்கிறேன். அம்மாவும் வருகிறா.

ஜனா


பூவரசங்குளம்
30.08.2025

ஜனார்த்தனன்,

வந்தாய். சொன்னாய். இல்லை என்று சொல்லமாட்டேன்.

மேடையில் ஏறினாய். பெட்டி, வாய்க்கால், விதைநெல், மைதானம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாய். உன் தகப்பன் சொன்ன 'தோட்டக்காட்டான்' என்ற அந்தச் சொல்லையும் மறைக்காமல் சொன்னாய். உன் தகப்பன் பெயர் எழுதிய பலகையைத் துணி போட்டு நீயே மூடினாய். பிரதாபன் பின்னால் நின்று "செத்த மனுசனை ஏன் இழுக்கிறான்" என்று புறுபுறுத்தார். அதே பிரதாபன் ஐந்து நிமிசத்தில் எங்கிருந்தோ ஒரு பொன்னாடையைப் பிடித்து அப்பாவுக்குப் போர்த்திப் படம் எடுத்தார். அப்பா அதை மடித்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு அன்னதானப் பந்திக்கு இலை போடப் போய்விட்டார். உன் அம்மா பந்தி முடியும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா. அவவோடு எனக்கு இனி ஒரு கோபமும் இல்லை.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு நாற்பது பேர் வந்தார்கள். இருபத்தொன்பது வருசம் படலையைத் திறக்காதவர்கள். "எங்களுக்கு அப்பவே தெரியும்" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். தெரிந்துகொண்டுதான் இருந்தார்களாம். நான் தேத்தண்ணி வைக்கவில்லை.

எல்லாம் சொன்னாய். ஒன்றைத் தவிர. நீ தலையாட்டியதைச் சொல்லவில்லை.

முதலில் மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். கடைசிவரை காத்திருந்தேன். "என் தந்தை செய்த பிழைக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று முடித்துவிட்டு இறங்கினாய். சனம் கண்ணைத் துடைத்தது. பெரிய மனசு என்றார்கள் உன்னை. தகப்பன் பிழையைத் தலையில் சுமக்கிற பிள்ளை என்றார்கள். உன் தகப்பன் பயத்தில் என் அப்பாவைக் காட்டிக்கொடுத்தார். நீ பயத்தில் உன் அப்பாவைக் காட்டிக்கொடுத்திருக்கிறாய். அவராவது உயிருக்குப் பயந்தார். நீ எதற்குப் பயந்தாய்?

பத்து வயதில் தலையாட்டியதற்காக உன்னை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வயதில் என்னைக் கேட்டிருந்தால் நானும் ஆட்டியிருப்பேன். நாற்பது வயதில் அதை மறைத்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் அப்பாவோடு கதைத்துவிட்டேன். நீ இதைச் சொல்லவில்லை என்று அவரிடம் சொன்னபோது "விடும்மா" என்றார். விடமாட்டேன் என்றேன். அவர் சிரித்தார். நான் ஏசினால் இப்போதெல்லாம் அவருக்குச் சந்தோசம்.

தலையாட்டியதை எழுதிய உன் கடிதத்தை நிசாந்தினி எடுத்து வாசித்துவிட்டாள். நான் மறைத்து வைக்கவில்லை. நேற்றுச் சீருடையை எடுத்துத் தோய்த்துக் காயப்போட்டாள். எட்டாம் திகதி திங்கட்கிழமையில் இருந்து போகப்போகிறாள். தமிழ் ஆசிரியையிடம் போய், இருபத்தேழாம் பக்கத்தை எந்த வகுப்பில் வாசித்தீர்களோ அதே வகுப்பில் இந்தக் கடிதத்தையும் முழுதாக வாசிக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர் ஒத்துக்கொண்டார். யார் வாசிப்பது என்று கேட்டாராம். தானே வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

எழுதியவனே வந்து வாசிப்பதென்றால் அவளுக்கு ஆட்சேபனை இல்லையாம். முதலாம் பாடம் ஏழு நாற்பதுக்கு.

சுமித்திரா